புட்டிப்பால் குடிக்கும் குழந்தையின் வாயுத் தொல்லை: காற்று உள்ளே போகும் வழிகளை அடைப்பது எப்படி?

பால் குடித்த சிறிது நேரத்தில் குழந்தை கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு முகம் சிவக்க அழுதால், உடனே சொட்டு மருந்தைத்தான் தேடுகிறோம். ஆனால், உள்ளே போன காற்றை வெளியேற்றப் பாடுபடுவதைவிட, அது உள்ளே போகாமல் தடுப்பதே எளிது என்பதை எங்கள் குழந்தையிடம் கண்கூடாகப் பார்த்தேன். அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதலில் பால் கலக்கும் முறை. கொதிக்க வைத்து, 70 டிகிரி செல்சியசுக்குக் குறையாத சூட்டில் உள்ள நீரில், டப்பாவில் குறிப்பிட்ட அளவு பவுடரைச் சேருங்கள். புட்டியை வேகமாகக் குலுக்கினால் பால் முழுவதும் நுரை கட்டும். அந்த நுரை குழந்தையின் வயிற்றுக்குள் போகும் காற்றுதான். உள்ளங்கைகளுக்கிடையே புட்டியை உருட்டிக் கரைத்து, குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றுங்கள். பால் வெதுவெதுப்பாவதற்குள் நுரையும் பெரும்பாலும் அடங்கிவிடும். வாயு குறையும் என்று எண்ணிப் பாலை ஒருபோதும் நீர்க்கக் கலக்காதீர்கள்.

அடுத்தது, எங்களை நெடுநாள் அலைக்கழித்த இடம்: நிப்பிளைப் பிடித்திருக்கும் வளையம். குழந்தை உறிஞ்ச உறிஞ்சப் புட்டியில் பால் குறைகிறது. அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று புட்டிக்குள் நுழைந்தாக வேண்டும். பல புட்டிகளில் இதற்கென நிப்பிளின் அடிவிளிம்பில் ஒரு நுண்துளை இருக்கும். பால் ஒழுகக் கூடாதென்று வளையத்தை இறுக்கி முடுக்கினால் அந்தத் துளை அடைபட்டு, நிப்பிள் தட்டையாக ஒட்டிக்கொள்கிறது. பால் வராததால் குழந்தை பலங்கொண்டு உறிஞ்சி, வாயை விட்டு விட்டுப் பிடித்து, ஒவ்வொரு முறையும் காற்றை விழுங்குகிறது. பாலுக்குள் சிறு குமிழ்கள் சீராக மேலெழுகின்றனவா என்று கவனியுங்கள். எழவில்லையென்றால் வளையத்தை மயிரிழை அளவு தளர்த்துங்கள். ஒழுகத் தொடங்கினால் தளர்வு கூடிவிட்டது என்று பொருள்.

நிப்பிளின் துளையும் முக்கியம். புட்டியைக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். தாரையாகக் கொட்டினால் அது சிறு குழந்தைக்கு வேகம் அதிகம். மடக் மடக்கென்று விழுங்குவதும், புரையேறுவதும், கடைவாயில் பால் வழிவதும் இதற்கு அடையாளங்கள். பால் வரும் வேகத்தைக் குறிக்க நிப்பிளின் அட்டையில் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் ‘1’ மற்றொன்றின் ‘1’ அல்ல. பல பாகங்கள் கொண்ட விலையுயர்ந்த புட்டிகளைவிட, முழுவதும் கழற்றித் தேய்த்துக் கழுவக்கூடிய எளிய புட்டியையே நான் விரும்புகிறேன்.

ஊட்டும்போது குழந்தையின் தலை வயிற்றைவிட உயரமாக இருக்கட்டும். புட்டியை ஏறக்குறைய கிடைமட்டமாகப் பிடித்து, நிப்பிள் பாலால் நிறைந்திருக்கும் அளவுக்கு மட்டும் சாய்த்து, இடையிடையே நிறுத்திக் கொடுங்கள். கையை வாயில் வைத்துச் சப்பத் தொடங்கும்போதே ஊட்டிவிட வேண்டும். வீறிட்டு அழுத பின் கொடுத்தால், அழுகையோடு விழுங்கிய காற்றும் வயிற்றில் சேர்ந்திருக்கும்.

பாதி குடித்ததும் ஒருமுறை, முடித்ததும் ஒருமுறை ஏப்பம் விட வையுங்கள். தோளில் சாய்த்தோ, மடியில் உட்கார வைத்துத் தாடையைத் தாங்கியோ (தொண்டையை அழுத்தாமல்) முதுகை மெல்லத் தட்டலாம். சில நிமிடங்களில் வராவிட்டால் வற்புறுத்த வேண்டியதில்லை. பால் செரித்த பின், கால்களை மிதிவண்டி மிதிப்பதுபோல் மெதுவாக அசைத்துவிடுவது கீழே இறங்கிய வாயு வெளியேற உதவும்.

பின்சேர்க்கை: சொட்டு மருந்து, தேன் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். வாயுவுக்கெனக் கொடுக்கும் சிமெதிகோன் சொட்டு மருந்து குழந்தையின் அழுகையைக் குறைக்கும் என்று ஆய்வுகள் தெளிவாக நிறுவவில்லை. தேன், ஒரு வயதுக்குள் அறவே கூடாது; அதிலுள்ள நுண்ணுயிர் வித்துகளால் பாட்டுலிசம் என்னும் ஆபத்தான நோய் வரக்கூடும்.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியசோ அதற்கு மேலோ காய்ச்சல், பச்சை நிற வாந்தி, பீறிட்டு அடிக்கும் வாந்தி, மலத்தில் இரத்தம், வயிறு கல்லாக வீங்குதல், எடை ஏறாமை ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால், அதை வாயு என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.