கொத்தோடு விற்கும் தக்காளி: வாங்கும்போது செய்யும் தவறுகள்

அமெரிக்க மளிகைக் கடைகளில் காம்புக்கொத்தோடு அடுக்கியிருக்கும் தக்காளி, உதிரித் தக்காளியைவிடப் பெரும்பாலும் விலை கூடுதல். அந்தக் கூடுதல் காசு சில சமயம் தகும். ஆனால் பலர் அதைத் தவறான காரணத்துக்காகத்தான் கொடுக்கிறார்கள்.

முக்கியமான தவறு, மணத்தை நம்புவது. கொத்தை மூக்கருகே கொண்டுபோனதும் தோட்டத்து வாசனை அடிக்கும், கையும் தானாகக் கூடைக்குப் போகும். அந்த வாசனை பழத்துடையது இல்லை. தக்காளிச் செடியின் தண்டிலும் இலையிலும் உள்ள நுண்ணிய சுரப்பி மயிர்களிலிருந்து வருவது. அதை வைத்துப் பழத்தின் ருசியை அளக்க முடியாது.

அடுத்தது, காம்போடு இருப்பதால் பழத்துக்கு இன்னும் இனிப்பு ஏறும் என்ற நம்பிக்கை. சர்க்கரையைச் செய்து அனுப்புவது இலைகள். செடியிலிருந்து வெட்டியதும் அந்த வரத்து நின்றுவிடுகிறது. அதன்பின் பழம் சிவக்கும், மென்மையாகும், ஆனால் இனிப்பு பெரிதாக ஏறாது.

அப்படியென்றால் கொத்தால் என்ன லாபம்? ஒரு கொத்தில் காம்படியில் இருக்கும் பழம் முதலில் பழுக்கும், நுனிப் பழம் கடைசியில். மொத்தமாக வெட்டி விற்க, நுனிப் பழமும் நிறம் மாறத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஃப்ளோரிடா வயல்களில் பச்சையாகப் பறித்து, எத்திலீன் வாயுவில் சிவக்க வைக்கும் தக்காளியைவிட இது நிச்சயம் மேல். குளிர்காலத்தில் சமைக்காமல் அப்படியே சாப்பிட வாங்கினால் நான் கொத்தைத்தான் எடுப்பேன். அதிலும் காம்பாரி போன்ற சிறிய ரகம். ருசியைத் தீர்மானிப்பதில் காம்பைவிட ரகத்துக்கே பங்கு அதிகம்.

காம்பு ஒரு விஷயத்தை மட்டும் உண்மையாகச் சொல்லும்: வெட்டி எத்தனை நாளாகியிருக்கும் என்று. பச்சையாக, விறைப்பாக இருந்தால் எடுங்கள். காய்ந்து பழுப்பேறியிருந்தாலோ பூஞ்சை தெரிந்தாலோ விட்டுவிடுங்கள்.

சரி, நல்லதாகப் பார்த்து வாங்கியாயிற்று. அப்புறம் அதை நேராக ஃப்ரிட்ஜில் வைத்தால் கொடுத்த காசு வீண். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பழுத்த தக்காளியை 5 டிகிரி செல்சியஸில் 7 நாள் வைத்தார்கள். பழத்துக்கு மணம் தரும் சேர்மங்கள் வெகுவாகக் குறைந்தன. மறுபடி ஒரு நாள் அறைச் சூட்டில் வைத்தும் அந்த இழப்பு முழுதாகச் சரியாகவில்லை. குளிரில் அந்த மணத்தை உண்டாக்கும் மரபணுக்கள் அடங்கிப்போனதே காரணம். கனிந்து அழுகப்போகிறது என்றால் மட்டும் உள்ளே வையுங்கள்.

ரசத்துக்கும் தொக்குக்கும் கொத்துத் தக்காளி வாங்குவதும் வீண் செலவுதான். கொதிக்கப்போகிற தக்காளிக்கு ரோமா ரகம் போதும், டப்பாத் தக்காளியும் குறையில்லை. ஜூலை, ஆகஸ்டில் உழவர் சந்தை பக்கத்தில் இருந்தால் கொத்தைத் தேடவே வேண்டாம். செடியிலேயே பழுத்த உதிரிப் பழம் அங்கே கிடைக்கும்.