தூளி ஆடும் வீட்டில் டிஜிட்டல் ஓவியம்

கைக்குழந்தை உள்ள வீட்டில் அப்பா மூன்று மணி நேரம் ஒரே மூச்சில் உட்கார்ந்து வரைய முடியாது. இருபது நிமிடம் கிடைத்தாலே பெரிது. அதனால் பாதியில் எழுந்தால் கெடும் வேலை, கெடாத வேலை என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். படத்தின் அமைப்பு, நிறத் தேர்வு, முகபாவம் ஆகியவை கெடும். பிள்ளை தூங்கும்போது அவற்றைச் செய்யுங்கள். அடிநிறம் நிரப்புவது, விளிம்பைச் சுத்தம் செய்வது, லேயர்களுக்கு (ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள் போன்ற பட அடுக்குகளுக்கு) பெயர் வைப்பது எல்லாம் காலால் தூளிக் கயிற்றை இழுத்துக்கொண்டே செய்யலாம்.

எழுந்து போகுமுன் மேலே ஒரு லேயரில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு வரி கிறுக்கிவிடுங்கள்: "இடது கை நிழல் பாக்கி." இல்லையென்றால் திரும்பி வந்ததும் எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். படத்தை அனுப்பும்போது அந்த லேயரை மறைக்க மறக்க வேண்டாம்.

கிருத்தா (Krita) என்ற ஓவிய மென்பொருளில் தானியங்கிச் சேமிப்பை 5 நிமிடத்துக்கு வையுங்கள். ஆனால் அது மென்பொருள் திடீரென நின்றுபோனால் மட்டுமே கைகொடுக்கும். பிள்ளை இழுத்த கோட்டைக் கவனிக்காமல் சேமித்து மூடிவிட்டால் அது காப்பாற்றாது. உட்காரும் ஒவ்வொரு முறையும் கண்ட்ரோல், ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புது எண்ணோடு தனிக் கோப்பு உருவாகும். முடிந்த லேயர்களைப் பூட்டிவிடுங்கள். டேப்லெட்டில் விரல் தொடுகையை அணைத்துவிடுங்கள். பேனாவின் உதிரி முனைகளை எட்டாத உயரத்தில் வையுங்கள்; தவழும் பிள்ளை கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் போடும்.

அதிகம் கெடுவது இரவு வேலைதான். பிள்ளை விழித்துவிடுமே என்று விளக்கை அணைத்து, திரையையும் மங்கலாக்கி, இரவு ஒளி வசதியைப் போட்டு வரைவார்கள். அந்த வசதி திரையை மஞ்சளாக்கும். கண் அதை ஈடுகட்டப் பார்க்கும், கையும் நீலத்தைக் கூட்டிவிடும். காலையில் பார்த்தால் முகமெல்லாம் ஜில்லென்று வெளுத்திருக்கும். திரை மங்கலாக இருந்தால் தேவைக்கு மேல் வெளிச்சமாக வரைவோம். இருட்டறையில் திரை அதிகப் பிரகாசமாக இருந்தாலோ எதிர்மாறு: படம் இருண்டு, அச்சில் கருத்துப் போகும். இரவு ஒளியை அணைத்து, திரைக்குப் பின்னால் சுவரில் படும்படி ஒரு சின்ன வெள்ளை விளக்கு வையுங்கள். அதற்கும் வழியில்லையா? இரவில் கறுப்பு வெள்ளையில் மட்டும் வரையுங்கள். நிறம் பகலுக்கு இருக்கட்டும்.

பிள்ளையையே வரையும்போது, அது பெரும்பாலும் சின்ன உருவத்துப் பெரிய மனிதராக வந்துவிடும். பிறந்த குழந்தையின் மொத்த நீளத்தில் தலை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. இரண்டு வயதில் ஐந்தில் ஒன்று. பெரியவர்களுக்கு ஏழரையில் ஒன்று. கண்கள் தலையின் நடுக்கோட்டுக்குக் கீழே வரும், நெற்றி பெரிதாக இருக்கும். கழுத்து அநேகமாகத் தெரியாது. விழித்திருக்கும் பிள்ளைக்கு அரை நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்: முதுகு வளைவு, தலை, கால் போகும் திசை, அவ்வளவுதான். தூளியில் தூங்கும்போது நிதானமாக வரையலாம். சேலை மடிப்புகள் முடிச்சிலிருந்து விரிந்து, எடை விழும் இடத்தில் இறுகி மறையும். மடிப்பை எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் போட்டால் உள்ளே பிள்ளை இருப்பதாகவே தோன்றாது.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளையின் க்ரேயான் கிறுக்கலைப் படத்தில் சேர்க்க நினைத்தால், அதே அளவுக்கு ஸ்கேன் செய்ய 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற கணக்கு) போதும். இரண்டு மடங்கு பெரிதாக்க 600. ஏ4 தாள் அப்போது 4960×7016 பிக்சல் வரும். வெள்ளை மறைந்து நிறம் மட்டும் கீழுள்ள படத்தின்மேல் படியும் மல்டிப்ளை லேயரில் போட்டு, வெளிச்சத்தையும் இருளையும் சரிசெய்யும் லெவல்ஸில் தாளின் சாம்பல் நிறம் மறையும் வரை மட்டும் வெள்ளையைக் கூட்டுங்கள். அதற்கு மேல் போனால் மஞ்சளும் வெளிர் ரோஜாவும் முதலில் காணாமல் போகும். வெக்டராக, அதாவது புள்ளிகளுக்குப் பதில் கணக்கிட்ட கோடுகளாக, மாற்றினால் மெழுகின் சொரசொரப்பு போய்விடும். ஸ்கேன் முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்துவிடுங்கள். ஒட்டிய மெழுகு அடுத்த தாளிலும் கறையாக விழும்.