ஆத்தங்குடிக் கல் மேல் வாஷிங் மெஷினா?

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் வாஷிங் மெஷின் துணி பிழியும்போது இருந்த இடத்தை விட்டு நகர்ந்தே போய்விடும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் அவ்வளவு வழுவழுப்பு. போதாததற்கு, அது சூளையில் சுடாத சிமெண்ட் கல். தொடர்ந்து இடிபட்டால் ஓரம் பெயரும்.

முதலில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு கால் தூக்கியிருந்தால் எதை வைத்தும் பயனில்லை. சரி, மட்டம் பார்த்தாச்சு என்றால், நாலு காலுக்கும் கெட்டியான ரப்பர் பேட் போடுங்கள். ரப்பர் அதிர்வை வாங்கி, அதில் ஒரு பங்கை வெப்பமாக்கிவிடும். கார் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டுக்கும் இதே வேலைதான். ரப்பருக்குப் பதில் தெர்மாகோல் வைத்தால், அது நசுங்கினால் அவ்வளவுதான், காசுக்குக் கேடு.

அப்புறம், புது ஃப்ரண்ட் லோடு மெஷின் என்றால் கொண்டுவரும்போது டிரம் ஆடாமலிருக்கப் பின்பக்கம் முடுக்கிய டிரான்சிட் போல்ட்டுகளைக் கழற்றினார்களா என்று பாருங்கள். எண்ணெய் சிந்தும் வேறு மோட்டாருக்குப் பேட் போடுவதென்றால் சாதா ரப்பர் ஊறிப்போகும், எண்ணெய் தாங்கும் ரப்பரான நியோபிரீன் பேட் கேட்டு வாங்குங்கள்.