அங்கே இப்போது எத்தனை மணி? நேர மண்டலக் கணக்கு போடும் முறை

நியூயார்க்கிலிருந்து ஒருவர் இணையவழியில் நடத்திய வகுப்பில் சேர்ந்திருந்தேன். வாரம் ஒரு முறை, அங்கே காலை 9 மணிக்கு. அதை என் நேரத்துக்கு மாற்றி ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்து, நான்கு மாதம் அதையே நம்பிக்கொண்டிருந்தேன். மார்ச் மாதம் ஒரு நாள் வழக்கமான நேரத்தில் இணைந்தால், எல்லோரும் விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். எங்கே கோட்டைவிட்டேன் என்று தேடியபோதுதான் இந்தக் கணக்கை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். கூட்டல், கழித்தல் தெரிந்தால் போதும்.

ஏன் இந்த வித்தியாசம்?

பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுழல்கிறது. அதாவது மணிக்கு 15 டிகிரி. கிழக்கே இருப்பவர்களுக்குச் சூரியன் முன்னதாக உதிப்பதால் அவர்களுடைய கடிகாரமும் முன்னால் இருக்கிறது. எண்ணத் தொடங்க ஓர் இடம் வேண்டுமே? 1884-ல் வாஷிங்டனில் கூடிய மாநாடு, லண்டனில் உள்ள கிரீன்விச் வழியாகச் செல்லும் தீர்க்கரேகையைத் தொடக்கக் கோடாக ஏற்றது. இன்று எல்லா நாடுகளும் ஒப்பிட்டுப் பார்க்கும் பொது நேரத்துக்கு யுடிசி என்று பெயர்.

வரைபடத்தைப் பார்த்து மண்டலத்தை ஊகிக்காதீர்கள். எந்த ஊருக்கு எந்த நேரம் என்று முடிவு செய்வது அரசுகள்தான். அவ்வளவு அகலமான சீனா முழுவதற்கும் ஒரே நேரம், +8. அதாவது யுடிசியைவிட 8 மணி நேரம் முன்னால்; − என்றால் பின்னால். இந்தியாவுக்கு +5:30, பக்கத்தில் நேபாளத்துக்கு +5:45.

கணக்கு போடும் முறை

படி 1: இரண்டு ஊர்களும் அந்தத் தேதியில் யுடிசியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பாருங்கள். 'அந்தத் தேதியில்' என்பது முக்கியம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

படி 2: தெரிந்த நேரத்தை 24 மணிக் கணக்கில் எழுதி, யுடிசிக்கு மாற்றுங்கள். ஊருக்கு + என்றால் கழிக்க வேண்டும், − என்றால் கூட்ட வேண்டும்.

படி 3: யுடிசியிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும்போது குறி எப்படி இருக்கிறதோ அப்படியே செய்யுங்கள்.

ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். சிங்கப்பூரில் ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 7 மணி. நியூயார்க்கில் எத்தனை மணி?

சிங்கப்பூர் +8. எனவே 7-லிருந்து 8-ஐக் கழிக்க வேண்டும். போதவில்லை, ஒரு நாளைக் கடன் வாங்குகிறோம்: 7 + 24 = 31; 31 − 8 = 23. கடன் வாங்கியதால் கிழமையும் பின்னால் போகிறது. ஆக, யுடிசியில் திங்கள் 23:00. ஜூலையில் நியூயார்க் −4. 23 − 4 = 19. அங்கே திங்கள் மாலை 7 மணி.

கடிகாரம் இரண்டிலும் '7' என்றே இருக்கிறது, கிழமைதான் வேறு. விடை 24-ஐத் தாண்டினால் 24-ஐக் கழித்துவிட்டு அடுத்த நாள் என்று எழுதுங்கள். மணியைச் சரியாகப் போட்டுவிட்டு நாளில் தவறுகிறவர்கள்தான் அதிகம் என்பேன். அதனால் ஒவ்வொரு வரியிலும் கிழமையைச் சேர்த்தே எழுதிப் பழகுங்கள்.

என் வகுப்பு தவறிய இடம்

சில நாடுகள் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தி வைக்கின்றன. நியூயார்க் குளிர்காலத்தில் −5. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை −4. நான் ஒட்டிவைத்த தாளுக்கு இது தெரியாது. லண்டன் மாறுவதோ மார்ச் கடைசி ஞாயிறு. அதனால் வழக்கமாக 5 மணி நேரமாக இருக்கும் இவ்விரு ஊர்களின் இடைவெளி, நடுவில் உள்ள சில நாட்களுக்கு 4 ஆகிவிடுகிறது. சிட்னியில் எல்லாம் தலைகீழ்: அக்டோபரில் முன்னால் நகர்த்தி, ஏப்ரலில் பின்னால் வைப்பார்கள். டோக்கியோவும் சிங்கப்பூரும் மாற்றுவதே இல்லை.

மற்றவர்களுக்கு நேரம் சொல்லும்போது

சுருக்கப் பெயர்களைத் தவிர்த்துவிடுங்கள். ஐஎஸ்டி என்றால் இந்தியா, அயர்லாந்து, இஸ்ரேல் மூன்றுக்கும் பொருந்தும். சிஎஸ்டி சீனாவாகவும் இருக்கலாம், அமெரிக்காவின் மத்தியப் பகுதியாகவும் இருக்கலாம். 'வெள்ளி நள்ளிரவு 12' என்பதும் வேண்டாம். வெள்ளி தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா? 23:59 என்று எழுதினால் சந்தேகம் வராது.

நான் இப்போது இப்படித்தான் எழுதி அனுப்புகிறேன்: 'செவ்வாய், ஜூலை 14, காலை 7:00, சிங்கப்பூர் நேரம், யுடிசி +8'. வாராவாரம் வரும் சந்திப்பாக இருந்தால், கைபேசி நாட்காட்டியில் அதை நடத்துபவரின் ஊரை நேர மண்டலமாகத் தேர்ந்தெடுத்துப் பதிந்துவிடுகிறேன். ஊர்ப் பெயரோடு பதிந்தால், அங்கே கடிகாரம் மாறும் வாரத்தில் என் பக்கத்து நேரத்தை நாட்காட்டியே மாற்றிக் காட்டிவிடும்.