ஆடு வாங்கியாச்சா, மொதல்ல அதோட கொணத்த புடிங்க

பெங்களூர் தாண்டி ஆனேக்கல் பக்கம் அர ஏக்கர்ல ஏழு வெள்ளாடு வச்சிருக்கோம், வீக்எண்டுக்கு வர்ற ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஒரே மாதிரிதான இருக்குன்றாங்க, கெடையவே கெடையாது.

மொத ஒரு வாரம் தீனி போடறப்ப ஓரமா நின்னு சும்மா பாருங்க. எங்க பெரிய பெட்டை ஒரு ரவுடி, அகத்தி கட்ட தொங்கவிட்ட உடனே தலைய சாச்சு ஒரு பார்வைதான், மத்ததெல்லாம் விலகிரும். அதுகிட்ட மல்லுக்கட்டாதீங்க, தழைய மூணு எடத்துல தள்ளித் தள்ளி கட்டுங்க, எல்லா எடத்துலயும் அதால காவல் நிக்க முடியாதுல்ல.

பயந்தாங்கொள்ளிய துரத்திப் புடிக்கவே கூடாது. கொட்டகைல கீழ உக்காந்து கைல கொஞ்சம் கடலக்கொடி வச்சிட்டு மொபைல் நோண்டிட்டு இருங்க, அதுவா வந்து மோந்து பாக்கும், எங்களோடது வந்து சட்ட பட்டன கடிச்சிட்டு போச்சு.

குட்டிக் கிடா முட்டுனா நெத்திய தள்ளி வெளையாடாதீங்க ப்ளீஸ், நாங்க பண்ண தப்பு அது, வளந்து 40 கிலோ ஆனப்புறமும் அதுக்கு அது வெளையாட்டுதான், மாமா இடுப்ப புடிச்சிட்டு உக்காந்துட்டாரு.

புதுசா வாங்குனா ஜோடியா வாங்குங்க, ஒத்தையா வந்தா ராத்திரி பூரா கத்தும். சேக்கறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு வாரம் தனியா வைங்க, பிபிஆர்ங்கற ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட்டாச்சான்னு விக்கறவங்ககிட்ட கேளுங்க.

ரவுடி ஒருநாள் தழைக்கு வராம, அசை போடாம மூலைல நின்னா அன்னிக்கே மாட்டு டாக்டருக்கு ஃபோன் போடுங்க.