பெங்களூரில் ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்ட்: கையைக் கடிக்காமல் அடுத்த சைட் எடுப்பது எப்படி

ஒரு ஆபீஸைச் சுத்தமாக வைத்திருந்தால், அதே பில்டிங்கில் அடுத்த மாடிக்காரரும் கொட்டேஷன் கேட்பார். சந்தோஷத்தில் உடனே தலையாட்டாதீர்கள். இந்தத் தொழிலில் சம்பளத்தை நீங்கள் முதலில் போடுகிறீர்கள், பில் பணம் பிறகுதான் வருகிறது. ஆள் கூடக் கூட உங்கள் கைப்பணம் வெளியே நிற்கும். அந்தப் பணத்தைக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் வளர வேண்டும்.

1. ஒரு ஆளின் அடக்கவிலையை எழுதுங்கள்

சதுர அடிக்கு இவ்வளவு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள். மாதச் சம்பளம் 16,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்:

பி.எஃப். (15,000 உச்சவரம்பில் உங்கள் பங்கு 13 சதவீதம்): 1,950
இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம்: 520
போனஸ் 8.33 சதவீதம்: 1,333
கிராஜுவிட்டி (பணிக்கொடை) ஒதுக்கீடு: 770
லீவுக்கு மாற்றாள், மாதம் ஒன்றரை நாள்: 923
யூனிஃபார்ம், ஷூ: 250

மொத்தம் 21,746. உங்கள் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் சேர்த்தால் 23,921. இதற்கு மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். மாப், கெமிக்கல் செலவைத் தனி வரியாகக் காட்டுங்கள்; ஒன்றாகக் கலந்தால், பேரம் பேசும்போது முதலில் வெட்டுப்படுவது உங்கள் லாபம்தான்.

கர்நாடகத்தில் ஒவ்வொரு ஏப்ரலிலும் பஞ்சப்படி மாறி, குறைந்தபட்சக் கூலியும் மாறும். 'கூலி மாறினால் ரேட்டும் அதே தேதியிலிருந்து மாறும்' என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், 10 சதவீதத்தில் ஒரு பகுதி அந்த ஏற்றத்திலேயே கரைந்துவிடும்.

இ.எஸ்.ஐ. 10 பேரிலிருந்தும் பி.எஃப். 20 பேரிலிருந்தும் கட்டாயம். புதியவர்கள் சைட் வாரியாக எண்ணுகிறார்கள், தவறு. எல்லா சைட்டும் சேர்த்துத்தான் கணக்கு. அந்த எண்ணிக்கை வரும்வரை இந்த இரண்டையும் சேர்க்காமல் ரேட் கொடுத்தால், 20-வது ஆள் வந்த அன்று பழைய சைட்களும் நஷ்டத்துக்குப் போகும். ஜி.எஸ்.டி. பதிவுக்கான வரம்பு வருடம் 20 லட்சம். மேலே உள்ள ரேட்டில் 7 பேரிலேயே அதைத் தொட்டுவிடுவீர்கள்.

2. இரண்டு மாதச் சம்பளம் கையில் இருக்கிறதா?

10 பேர் கொண்ட சைட், மார்ச் 1-ல் ஆரம்பம், 45 நாள் கிரெடிட். ஏப்ரல் 7-ல் மார்ச் சம்பளம். ஏப்ரல் 20-க்குள் மார்ச் பில்லின் ஜி.எஸ்.டி., கிளையன்ட் பணம் தந்தாலும் தராவிட்டாலும். மே 7-ல் ஏப்ரல் சம்பளம். மார்ச் பில் பணம் வருவது மே நடுவில்தான், அதுவும் டி.டி.எஸ். வரி பிடித்தபின்.

சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. மட்டும் ஆளுக்கு 18,470. 10 பேருக்கு இரண்டு மாதம் 3,69,400. ஜி.எஸ்.டி. 43,060. ஆக 4,12,460 ரூபாய் வெளியே போனபிறகுதான் முதல் ரூபாய் உள்ளே வரும். இந்தத் தொகை பேங்கில் இல்லையென்றால் 4 பேர் கொண்ட சைட்டை எடுங்கள். கந்துவட்டி வாங்கிச் சம்பளம் போட்டால் 10 சதவீத லாபத்தில் அது ஒருநாளும் அடையாது.

உத்யம் (மத்திய அரசின் சிறுதொழில்) பதிவு இலவசம், முதல் பில்லுக்கு முன்பே செய்துவிடுங்கள். குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்கு மேல் இழுத்தடித்தால் கிளையன்ட் அந்தச் செலவைப் பணம் கொடுத்த வருடத்தில்தான் கணக்கில் காட்ட முடியும். மார்ச் மாதத்தில் அவர்கள் அக்கவுண்ட்ஸ் ஆளுக்கு இதை நினைவூட்டினால் பில் நகரும்.

3. ஒரே வட்டாரத்தில் வளருங்கள்

மாரத்தஹள்ளியில் ஒன்று, எலக்ட்ரானிக் சிட்டியில் ஒன்று, ஹெப்பாளில் ஒன்று என்று பரப்பினால் சூப்பர்வைசரின் நாள் சில்க் போர்டு சிக்னலிலேயே போய்விடும். நாலைந்து கிலோமீட்டருக்குள் சைட்கள் இருந்தால் ஒருவரே காலையில் எல்லாவற்றையும் பார்ப்பார். ஒரு இடத்தில் ஆள் வராவிட்டால் பக்கத்து சைட்டிலிருந்து அனுப்பலாம்.

4. கெமிக்கலைக் கையில் கொடுக்கும் முன்

தினசரித் தரைக்கு ஆர்-2 (டாஸ்கி கம்பெனி கிளீனர்), 1 லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி போதும். அளவு மூடி வாங்கிக் கொடுங்கள். கைக்கு வந்தபடி ஊற்றினால் தரையில் பிசுக்கு படிந்து, துடைத்த அரைமணியில் செருப்புத் தடம் விழும். அழுக்கு போகவில்லையென்று இன்னும் ஊற்றுவார்கள்.

டாய்லெட் ஆசிட் மார்பிளில் சொட்டக்கூடாது. கல்லில் இருக்கும் சுண்ணாம்பை அது அரித்து வெள்ளைத் தழும்பு விடும். அது துடைத்தால் போகாது, கல்லைத் தேய்த்துப் பாலிஷ்தான் போட வேண்டும், செலவு உங்கள் தலையில். ஆசிடும் பிளீச்சும் ஒரே பக்கெட்டில் சேரவே கூடாது: குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் உயிருக்கே ஆபத்து.

மைக்ரோஃபைபர் துணி: சிவப்பு டாய்லெட்டுக்கு, மஞ்சள் வாஷ்பேசினுக்கு, பச்சை பேன்ட்ரிக்கு, நீலம் மேஜைக்கு. கம்ஃபர்ட் மாதிரித் துணிக் கண்டிஷனர் எதையும் போட்டு அலசாதீர்கள். இழை அடைத்துத் தண்ணீரை இழுக்காது.

செப்டிக் டேங்க், எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு) தொட்டிக்குள் ஆளை இறக்கச் சொன்னால், எவ்வளவு பெரிய கிளையன்டானாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள். உள்ளே இருக்கும் விஷவாயு ஒரு நிமிடம்கூடத் தராது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

5. ஆள் நிற்க வேண்டும்

7-ம் தேதி சம்பளம் என்றால் 7-ம் தேதிதான். 500 ரூபாய் கூட யாராவது கொடுத்தாலும் தேதி தவறாத இடத்தை விட்டு ஆட்கள் லேசில் போகமாட்டார்கள். கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்கள் பொங்கலுக்கும் தீபத்துக்கும் ஊருக்குப் போவார்கள், போகவும் வேண்டும். ஒரு மாதம் முன்பே யார் எந்த நாள் என்று பேசி நோட்டில் எழுதுங்கள், பாதிப் பேர் பண்டிகைக்கு முன், பாதிப் பேர் பின். அந்த வாரம் கண்ணாடி, கார்ப்பெட் வேலைகள் கிடையாது, தினசரி வேலை மட்டும்தான் என்று கிளையன்டுக்கும் ஒரு மாதம் முன்பே மெயில் போட்டுவிடுங்கள்.