கோள ஆயங்களில் கர்ல் பூஜ்யமாகாமல் அடம்பிடித்தபோது

அச்சுச் சமச்சீர் கொண்ட நிலைமின் புலத்தைக் கணிக்கும் நிரல். ஆயங்கள் கோள ஆயங்கள், அதாவது ஆரமும் கோணங்களும். புலம் பார்க்கச் சரியாகவே இருந்தது, ஆனால் நிலைமின் புலத்தில் பூஜ்யமாக இருக்க வேண்டிய கர்ல் (புலத்தின் சுழலை அளக்கும் வகையீடு) பூஜ்யமாகவில்லை. நாட்களை விழுங்கிய சிக்கல், தீர்ந்ததில் பெரிய நிம்மதி.

கட்ட இடைவெளியைப் பாதியாக்கியும் கர்லில் எஞ்சிய மிச்சம் குறையவில்லை. எண்களை டபுள் பிரசிஷனுக்கு (இரட்டைத் துல்லியம்) மாற்றியும் அதேதான். எல்லை நிபந்தனைகளிலும் பழுதில்லை.

மிச்சத்தின் அளவுதான் துப்பு கொடுத்தது. ஒவ்வொரு புள்ளியிலும் அது புலத்தின் தீட்டாக் கூற்றை (தீட்டா, துருவ அச்சிலிருந்து அளக்கும் கோணம்) ஆரத்தால் வகுத்த அளவாகவே இருந்தது, குறி மட்டும் எதிர். எண்முறைப் பிழை இவ்வளவு ஒழுங்காக வராது.

துருவ அச்சின் திசையில் ஓரலகு சீரான புலத்தை வைத்துச் சோதித்தேன். ஆரக் கூறு காஸ் தீட்டா, தீட்டாக் கூறு மைனஸ் சைன் தீட்டா. புலம் மாறாதது, ஆனாலும் அலகு வெக்டர்கள் திரும்புவதால் கூறுகள் மாறுகின்றன. ஆரத்தையும் தீட்டாக் கூற்றையும் பெருக்கி, அதை ஆரத்தைப் பொறுத்து வகையிட்டால், ஆரக் கூற்றின் தீட்டா வகைக்கெழு கிடைக்க வேண்டும். இரண்டுமே மைனஸ் சைன் தீட்டா. நிரலிலோ ஆரம் வகையீட்டுக்கு வெளியே நின்றது, அதனால் ஒரு பக்கம் வெறும் பூஜ்யம். உள்ளே கொண்டுவந்ததும் கர்ல் அடங்கியது.

காந்தப் புலத்தின் டைவர்ஜென்ஸிலும் (புலம் ஒரு புள்ளியிலிருந்து விரியும் அளவு) இதே கவனம் தேவை: ஆர வர்க்கமும் சைன் தீட்டாவும் வகையீட்டுக்கு உள்ளேதான். துருவ அச்சில் தீட்டாக் கூறு பூஜ்யம், சைனும் பூஜ்யம். டைவர்ஜென்ஸின் தீட்டா உறுப்பில் சைனால் வகுத்தால் நிரல் முறிந்துவிடும். தீட்டா பூஜ்யமாகும் இடத்தில் அந்த உறுப்புக்குப் பதிலாகத் தீட்டாக் கூற்றின் தீட்டா வகைக்கெழுவை 2 ஆல் பெருக்கி ஆரத்தால் வகுத்துப் போடுங்கள்.